ராத்திரி எவ்வளவு இறங்குகிறது? சார்ஜ் நிற்காத போனை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

போனில் சார்ஜே நிற்பதில்லை என்று யாரிடம் புலம்பினாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான். லொகேஷனை அணை, புளூடூத்தை அணை, டார்க் மோடு போடு, ஓடுகிற ஆப்பையெல்லாம் மேலே தள்ளி மூடு. இத்தனையும் செய்த பிறகும் சாயங்காலம் 12 சதவீதத்தில் வந்து நிற்கும். கூடவே மேப் வழி காட்டாது, கையில் கட்டிய வாட்ச் போனோடு சேராது என்று இரண்டு புதுத் தொல்லைகள் வேறு. எது தின்கிறது என்று பார்க்காமல் கையில் அகப்பட்டதையெல்லாம் அணைத்தால் இப்படித்தான் ஆகும்.

எது என்று கேட்பதற்கு முன்னால், எப்போது என்று கேளுங்கள். போனைத் தொடாமல் வைத்திருக்கும்போது இறங்குகிறதா, பாக்கெட்டில் இருக்கும்போதா, கையில் வைத்துப் பார்க்கும்போதா? இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு, கை வைக்க வேண்டிய இடமும் வேறு. அதனால் இன்று ராத்திரி ஒரு சின்ன வேலை செய்யுங்கள். படுக்கப் போகும்போது சார்ஜ் எத்தனை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட்டு, சார்ஜர் போடாமல், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் எழுந்ததும் திரும்ப எழுதுங்கள். 7, 8 மணி நேரத்தில் 2 முதல் 5 சதவீதம் வரை இறங்கியிருந்தால் உங்கள் போன் நன்றாகத்தான் தூங்குகிறது, திருடன் பகலில் வருகிறான். 10க்கு மேல் போயிருந்தால் ராத்திரி யாரோ விழித்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. 5000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று சொல்லும் அளவு) பேட்டரி என்றால், சராசரி 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 19 வாட் மணி. அதாவது ஒரு வாட் வீதம் செலவழித்தால் 19 மணி நேரம் வரும். ஒழுங்காகத் தூங்கும் போன் ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு அளவில்தான் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்கு 2 சதவீதம். அதே எட்டு மணி நேரத்தில் 20 சதவீதம் போயிருந்தால் சராசரியாக அரை வாட் செலவாகியிருக்கிறது. பத்து மடங்கு. லொகேஷனை அணைக்க மறந்ததால் மட்டும் பத்து மடங்கு வராது. பிராசஸரையே தூங்கவிடாமல் எதுவோ பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாம் தேட வேண்டியது அதைத்தான்.

பேட்டரி பக்கத்தைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை

செட்டிங்ஸில் பேட்டரி என்ற இடத்துக்குப் போனால் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று பட்டியல் இருக்கும். அங்கே ஓர் ஆப் 40 சதவீதம் என்று போட்டிருந்தால் நிறையப் பேர் பதறி அதை நீக்கிவிடுகிறார்கள். அது முழு பேட்டரியில் 40 அல்ல, அந்த நேரத்துக்குள் செலவான அளவில் 40. நீங்கள் அன்றைக்கு மொத்தமே 10 சதவீதம்தான் செலவழித்தீர்கள் என்றால் அந்த ஆப் தின்றது வெறும் 4 சதவீதம். ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தவர் பட்டியலில் வீடியோ ஆப் மேலே இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

சதவீதத்தைவிட முக்கியமான எண்கள் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆப் பெயரைத் தொட்டால் தெரியும்: திரையில் எவ்வளவு நேரம் இருந்தது, பின்னணியில் எவ்வளவு நேரம் ஓடியது. திரையில் 4 நிமிடம், பின்னணியில் 6 மணி நேரம் என்று இருக்கும் ஆப் எதுவோ அதுதான் உங்கள் ஆள். பாட்டுக் கேட்கும் ஆப், வழிகாட்டி மேப் போன்றவை பின்னணியில் ஓடத்தான் செய்யும், அவற்றை விட்டுவிடுங்கள். ஐபோனிலும் இதே விவரம் இருக்கிறது, கடந்த சில நாள் கணக்கும் கிடைக்கும்.

அறிகுறி: ராத்திரி சும்மா கிடக்கும்போதே 15, 20, 30 சதவீதம் போகிறது

இதுதான் எனக்குப் பிடித்த கேஸ், ஏனென்றால் கண்டுபிடித்தால் ஒரே அடியில் தீரும்.

என் போனில் இப்படித்தான் ஒருமுறை ஆரம்பித்தது. ராத்திரி 11 மணிக்கு 84, காலை 6 மணிக்கு 57. தொட்டால் பின்பக்கம் லேசாக வெதுவெதுப்பு, யாரோ இப்போதுதான் கையில் வைத்திருந்து கீழே வைத்த மாதிரி. பேட்டரி பக்கத்தில் ஒரு மெசேஜ் ஆப் மேலே இருந்தது, திரையில் 0 நிமிடம், பின்னணியில் 6 மணி நேரத்துக்கும் மேல். உள்ளே போய்ப் பார்த்தால் பேக்கப் பாதியில் நிற்கிறது. கிளவுடில் இடம் நிரம்பிவிட்டது. ஆனால் அந்த ஆப் தோல்வியை ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை, பாதி ஏற்றும், இடமில்லை என்று திரும்பும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், விடிய விடிய இதே வேலை. கிளவுடில் கிடந்த பழைய பெரிய வீடியோக்கள் பத்துப் பன்னிரண்டை நீக்கினேன், அன்று ராத்திரி பேக்கப் முடிந்தது, அதற்கு அடுத்த ராத்திரி 3 சதவீதம்தான் இறங்கியது. அதற்கு முந்தைய ஒரு வாரம் புளூடூத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ராத்திரி இறக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு வேலை. போட்டோ பேக்கப் ஒரு கெட்டுப்போன வீடியோவில் சிக்கி நிற்கலாம். பாஸ்வேர்டை மாற்றிய பிறகு பழைய பாஸ்வேர்டோடு ஒரு மெயில் கணக்கு விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம். ஆப் ஸ்டோரில் ஒரு அப்டேட் பாதியில் நிற்கலாம். நோட்டிஃபிகேஷன் பட்டியை இறக்கிப் பாருங்கள், ஓரமாக ஒரு சுற்றும் குறியோ, காத்திருக்கிறது என்ற வரியோ பல நாளாக அங்கேயே இருந்திருக்கும், கண் பழகிப்போய் நாமே பார்ப்பதை விட்டிருப்போம்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் இரண்டாவது ராத்திரி சோதனை: ஃபிளைட் மோடு போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள் (அவசர அழைப்பு எதுவும் எதிர்பார்க்காத ராத்திரியாகப் பாருங்கள், அலாரம் எப்படியும் அடிக்கும்). காலையில் இறக்கம் 2, 3 சதவீதமாகச் சுருங்கியிருந்தால் குற்றவாளி நெட்வொர்க் வழியாக வேலை செய்யும் ஏதோ ஒன்று, அல்லது சிக்னலே. ஃபிளைட் மோடிலும் அதே இறக்கம் என்றால், போனுக்குள்ளேயே எதுவோ ஓடுகிறது அல்லது பேட்டரியே தளர்ந்துவிட்டது.

மூன்றாவது ராத்திரி, ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும், சேஃப் மோடு. பவர் மெனுவைக் கொண்டுவந்து, திரையில் வரும் பவர் ஆஃப் என்பதையே விரலால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்கள் சேஃப் மோடில் திறக்கட்டுமா என்று கேட்கும். அதில் நீங்கள் நிறுவிய ஆப்கள் எதுவும் ஓடாது, போனோடு வந்தவை மட்டும் ஓடும். சேஃப் மோடில் ராத்திரி நன்றாகத் தூங்கினால், நீங்கள் நிறுவிய ஏதோ ஒன்றுதான் காரணம் என்பது உறுதி. அப்புறம் இறக்கம் ஆரம்பித்த நாளுக்குக் கொஞ்சம் முன்னால் என்ன நிறுவினீர்கள், எது அப்டேட் ஆனது என்று யோசித்து ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்தை நீக்காதீர்கள், எது என்று கடைசிவரை தெரியாமலே போகும். ஐபோனில் சேஃப் மோடு கிடையாது, அங்கே பேட்டரி பக்கத்தின் பின்னணி நேரம்தான் துணை.

ஆள் யார் என்று தெரிந்தபின் நீக்கத்தான் வேண்டும் என்றில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் அந்த ஆப்பின் விவரப் பக்கத்தில் பேட்டரி என்ற இடத்தில் மூன்று நிலைகள் இருக்கும்: கட்டுப்பாடே இல்லாதது, அளவோடு ஓடுவது, கட்டிப்போடுவது. ஏதோ ஒரு நாள் நோட்டிஃபிகேஷன் லேட்டாக வருகிறது என்று நீங்களே கட்டுப்பாடு இல்லாத நிலைக்கு மாற்றியிருப்பீர்கள், அதை நடு நிலைக்குக் கொண்டுவந்தாலே போதும். ஆண்ட்ராய்டு 6இல், அதாவது 2015இல், டோஸ் என்ற ஏற்பாடு வந்தது. போன் அசையாமல் திரை அணைந்து கிடந்தால் எல்லா ஆப்களின் வேலைகளையும் மூட்டை கட்டி வைத்து அவ்வப்போது கொஞ்ச நேரம் மட்டும் அவிழ்த்து விடும். கட்டுப்பாடு இல்லாத நிலையில் இருக்கும் ஆப் அந்த மூட்டைக்குள் பாதிதான் அடங்கும். ஐபோனில் பின்னணி ரெஃப்ரெஷ் என்ற பட்டியலில் அந்த ஆப்பை மட்டும் அணைத்தால் ஆயிற்று. மெசேஜ் ஆப்களுக்கு மட்டும் முழுதாகக் கட்டிப்போடும் நிலை வேண்டாம், அப்புறம் மெசேஜ் வரவில்லை என்று வேறு யாரிடமாவது போய் நிற்பீர்கள்.

அறிகுறி: கையிலேயே எடுக்கவில்லை, பாக்கெட்டில் இருந்தபடியே இறங்குகிறது, சூடாகவும் இருக்கிறது

வீட்டில் ராத்திரி நன்றாக இருக்கிறது, வெளியே போனால் மட்டும் கரைகிறது என்றால் பெரும்பாலும் சிக்னல்தான்.

போன் டவரோடு பேசும்போது டவர் பக்கத்தில் இருந்தால் கிசுகிசுத்தாலே கேட்கும், தூரத்தில் இருந்தால் கத்த வேண்டும். கத்துவதற்குத்தான் பேட்டரி. 4ஜியில் ஒரு சாதாரண போன் அதிகபட்சமாக 200 மில்லிவாட் வரை அனுப்பும். டவருக்கு அருகில் ஒரு மில்லிவாட்கூடத் தேவைப்படாது. அனுப்புவது 200 என்றாலும், ஆம்ப்ளிஃபயர் வீணாக்குவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து போவது அதைப்போலப் பல மடங்கு. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்தில் சிம் நிலை என்று ஒன்று இருக்கும், அங்கே சிக்னல் வலிமை மைனஸில் ஒரு எண்ணாகத் தெரியும். மைனஸ் 85 டிபிஎம் என்றால் நன்றாக இருக்கிறது, மைனஸ் 115 என்றால் அல்லாடுகிறது. இரண்டுக்கும் நடுவே வெறும் 30தானே என்று தோன்றும், ஆனால் இது டெசிபெல் கணக்கு, 30 என்றால் ஆயிரம் மடங்கு பலவீனம்.

நீங்கள் உட்காரும் இடத்திலேயே சிக்னல் இப்படி என்றால் செய்யக்கூடியவை சில. வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கை இயக்கிவிட்டு ஃபிளைட் மோடு போட்டு, வைஃபையை மட்டும் திரும்பத் திறந்துவிடுங்கள், உங்கள் நெட்வொர்க்கில் அந்த வசதி இருந்தால் அழைப்புகள் வைஃபை வழியாக வரும், ரேடியோ கத்த வேண்டியதில்லை. 5ஜி ஒரு கோடு வந்து வந்து போகிற இடம் என்றால் 4ஜியில் நிறுத்திவையுங்கள், இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருப்பதில்தான் நிறையப் போகிறது. 5ஜி நன்றாகக் கிடைக்கிற இடத்தில் இதற்காக அணைக்கத் தேவையில்லை.

இரண்டு சிம் போனில் இன்னொரு வில்லன் உண்டு. என் சித்தப்பா ஒருநாள் போனை என் மடியில் போட்டுவிட்டு, "எடுக்கவே இல்லைடா, அப்புறம் எப்படித் தீருது?" என்றார். திரையின் மேலே இரண்டு சிக்னல் குறிகள், ஒன்று நிறைந்திருக்கிறது, இன்னொன்றில் சர்வீஸ் இல்லை. "சித்தப்பா, இந்த ரெண்டாவது சிம் எது?" என்று கேட்டால், ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போய் எட்டு மாதம் ஆன நம்பராம், இருக்கட்டுமே என்று விட்டுவைத்திருக்கிறார். அந்த சிம்முக்காகப் போன் பகல் முழுக்க நெட்வொர்க்கைத் தேடித் தேடித் திரிந்திருக்கிறது. செட்டிங்ஸில் அந்த சிம்மை அணைத்தேன், கழற்றக்கூட இல்லை, அன்று சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. இரண்டாவது சிம் உயிரோடு இருந்தாலும், அந்த நிறுவனத்தின் சிக்னல் நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கிடைக்காது என்றால் இதே கதைதான்.

சிக்னலும் சரி, சிம்மும் சரி என்றால் பாக்கெட்டுக்குள் திரை தானாக எரிகிறதா என்று பாருங்கள். இரண்டு முறை தட்டினால் திரை எரிவது, தூக்கினால் எரிவது என்ற வசதிகள் இயக்கத்தில் இருந்து, தொடையின் சூடும் வியர்வையும் துணி வழியாகத் திரையைத் தட்டிக்கொண்டிருந்தால், போன் உள்ளேயே நாள் முழுக்கக் கண் விழித்துக் கண் மூடும். பேட்டரி பக்கத்தில் திரை நேரம் நீங்கள் நினைப்பதைவிட ஒரு மணி நேரம் அதிகமாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம். அதேபோல ஒரு நாளைக்கு முந்நூறு மெசேஜ் வரும் குரூப், ஒவ்வொன்றுக்கும் திரை எரிந்து அதிர்வும் அடித்தால் என்ன ஆகும்? மியூட் போடுங்கள், பேட்டரிக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

அறிகுறி: கையில் பிடித்துப் பார்க்கும்போது மட்டும் வேகமாக இறங்குகிறது

இது பெரும்பாலும் கோளாறே இல்லை. வீடியோ பார்த்தால் ஒரு வாட் சொச்சம், கனமான கேம் ஆடினால் 4, 5 வாட்கூடப் போகும், 19 வாட் மணியை 5ஆல் வகுத்தால் நான்கு மணி நேரம்கூட இல்லை. கேமில் பேட்டரி கரைகிறது என்பவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, கிராஃபிக்ஸ் அளவைக் குறையுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் சாதாரணமாகப் படிப்பது, மெசேஜ் அனுப்புவது என்று இருப்பவருக்கு மணிக்கு 15 சதவீதத்துக்கு மேல் போனால் திரையில் கை வைக்கலாம். வெளிச்சத்தைத் தானாக மாறவிடுங்கள். கையால் முழுதாக ஏற்றி வைத்துவிட்டு அறைக்குள் வந்தும் அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. திரை 120 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 120 முறை படம் மாறும் வேகம்) ஓடினால் 60க்குக் குறைத்து இரண்டு நாள் பாருங்கள், சில பழைய மாடல்களில் நல்ல வித்தியாசம் தெரியும், தேவைக்கேற்ப வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் புது திரைகளில் அவ்வளவு தெரியாது.

டார்க் மோடு பற்றி ஊதிப் பெரிதாக்கிய பேச்சு நிறைய. முதலில், அது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையில்தான் வேலை செய்யும், எல்சிடி திரையில் பின்னால் இருக்கும் விளக்கு கறுப்புப் படத்துக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஓலெட்டிலும் கதை வெளிச்சத்தைப் பொறுத்தது. 2021இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள்: வெளிச்சம் 100 சதவீதத்தில் இருக்கும்போது டார்க் மோடுக்கு மாறினால் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சமானது, நாம் வீட்டுக்குள் வைத்திருக்கும் 30, 50 சதவீத வெளிச்சத்தில் மிச்சமானது 3 முதல் 9 சதவீதம்தான். ஆக, நாள் முழுக்க வெயிலில் நின்று போன் பார்ப்பவருக்கு டார்க் மோடு பெரிய உதவி, ஆனால் வெயிலில் டார்க் மோடில் எழுத்தே தெரியாது என்பது தனிக்கதை. எப்போதும் எரியும் கடிகாரத் திரையை அணைத்தால் ராத்திரிக் கணக்கில் கொஞ்சம் மிச்சமாகும்.

ஹாட்ஸ்பாட் கொடுத்தால், வீடியோ கால் பேசினால் இறங்கத்தான் செய்யும். கேமராவும் அப்படியே.

அறிகுறி: அப்டேட் போட்டதிலிருந்து இப்படி

மூன்று நாள் பொறுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு போன் எல்லா ஆப்களையும் புது சிஸ்டத்துக்கு ஏற்றபடி திரும்பத் தயார் செய்யும், போட்டோக்களில் முகம் தேடும், தேடல் பட்டியலைப் புதிதாகக் கட்டும். புதுப் போன் வாங்கிப் பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் இறக்கியவர்களுக்கும் இதேதான், முதல் இரண்டு நாள் பேட்டரியை வைத்து அந்தப் போனை எடை போடாதீர்கள். சார்ஜரில் போட்டு, வைஃபையில், ராத்திரி முழுக்க விட்டால் இந்த வேலை சீக்கிரம் முடியும். மூன்று நாள் கழித்தும் அப்படியே என்றால் ஒரு ரீஸ்டார்ட், எல்லா ஆப்களுக்கும் அப்டேட், அப்புறம் மேலே சொன்ன ராத்திரிச் சோதனை. ஃபேக்டரி ரீசெட் கடைசி. அதைச் செய்துவிட்டுப் பழைய பேக்கப்பை அப்படியே திரும்ப இறக்கினால், தின்கிற ஆப்பும் அதே செட்டிங்ஸோடு திரும்ப வந்து உட்காரும்.

அறிகுறி: 30 சதவீதத்தில் பொட்டென்று அணைகிறது, அல்லது 100லிருந்து 80க்குச் சடசடவென்று இறங்குகிறது

இங்கே ஆப்களைத் தேடுவதில் பயன் இல்லை. பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதாகும்போது இரண்டு நடக்கும். கொள்ளளவு குறையும், அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, உள்ளே மின்தடை ஏறும். கேமராவைத் திறக்கிறீர்கள், ஒரு கணம் நிறைய மின்னோட்டம் வேண்டும், தடை அதிகமான பேட்டரியில் அந்தக் கணம் வோல்டேஜ் தொப்பென்று விழும், இதற்குக் கீழே போனால் இயங்க முடியாது என்ற எல்லையைத் தொட்டதும் போன் அணைந்துவிடும். சார்ஜ் உள்ளே இருக்கிறது, ஆனால் கேட்ட வேகத்தில் தர முடியவில்லை. அதனால்தான் சார்ஜரைச் செருகியதும் 25 சதவீதம் என்று காட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறது. குளிரில் இது இன்னும் மோசம், ஏனென்றால் குளிரிலும் தடை ஏறும்.

ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்ட விவகாரம் இதுதான். பழைய ஐபோன்கள் இப்படி அணைந்துபோகாமல் இருக்க, அந்த ஆண்டு தொடக்கத்தில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டிலிருந்து பிராசஸர் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்திருந்தார்கள். பெரிய சர்ச்சை ஆனபிறகு, 2018இல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது பேட்டரி ஹெல்த் என்ற பக்கத்தைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் ஐபோனில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அதிகபட்சக் கொள்ளளவு 80க்குக் கீழே என்றால் மாற்றும் நேரம். ஆப்பிள் சொல்லும் கணக்கில் ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சார்ஜ் சுற்று வரை 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை, ஐபோன் 15 முதல் 1000 சுற்று. ஒரு சுற்று என்பது ஒருமுறை செருகி எடுப்பது இல்லை, இன்றைக்கு 60, நாளைக்கு 40 என்று மொத்தம் 100 சதவீதம் செலவானால் ஒரு சுற்று. ஆண்ட்ராய்டில் சில புதுப் போன்களில் இந்த விவரம் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, மற்றவற்றில் டயலரில் *#*#4636#*#* அடித்தால் சில போன்களில் பேட்டரி பற்றிய பக்கம் திறக்கும், சிலவற்றில் ஒன்றும் நடக்காது.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் கைக்கணக்கு: போன் 5 வருடம் பழையது, தினமும் ஒன்றுக்கு மேல் சார்ஜ், சார்ஜில் வைத்தபடியே கேம் என்றால் எந்தப் பக்கமும் பார்க்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பேட்டரி நன்றாகவே இருந்து, சதவீதம் மட்டும் பொய் சொல்லலாம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று போன் நேரடியாகப் பார்ப்பதில்லை, போகிற வருகிற மின்னோட்டத்தை எண்ணியும் வோல்டேஜைப் பார்த்தும் ஊகிக்கிறது, பல மாதம் 40க்கும் 70க்கும் நடுவிலேயே வைத்திருந்தால் அந்த ஊகம் தடம் மாறும். ஒரே ஒரு முறை, தானாக அணையும் வரை பயன்படுத்திவிட்டு, நிறுத்தாமல் 100 வரை ஏற்றி, ஏறிய பிறகும் ஒரு மணி நேரம் விட்டு எடுங்கள். அதற்குப் பிறகும் 30இல் அணைந்தால் பேட்டரிதான். இதை வாரா வாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம், முழுதாகக் காலி செய்வது பேட்டரிக்குக் கெடுதல்.

அறிகுறி: சார்ஜ் போட்டாலும் ஏறவில்லை

இது தீருவதில் உள்ள பிரச்சினை இல்லை, ஏறுவதில் உள்ளது, ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். கேபிளை மாற்றுங்கள், பிறகு சார்ஜரை. அதற்கும் அசையவில்லை என்றால் போனை அணைத்துவிட்டு, சார்ஜிங் போர்ட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். பாக்கெட் பஞ்சு அடியில் கெட்டியாகப் படிந்து, பிளக் முழுதாக உட்காராமல் இருக்கும். மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பினால் ஒரு சின்ன மெத்தையே வெளியே வரும். ஊசி, பின் வேண்டாம்.

செய்து பயனில்லாத சில

ஓடும் ஆப்களை எல்லாம் மேலே தள்ளி மூடுவதில் ஒன்றும் மிச்சமாகாது. பெரும்பாலானவை அங்கே உறைந்துதான் கிடக்கின்றன, மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குத்தான் அதிகம் செலவு. 2016இல் பேட்டரிக்காக இப்படி மூட வேண்டுமா என்று ஒருவர் மெயிலில் கேட்டபோது, ஆப்பிளின் மென்பொருளைக் கவனித்துக்கொண்டிருந்த க்ரெய்க் ஃபெடரிகி இல்லை என்று சுருக்கமாக முடித்துவிட்டார், அதே சமயத்தில் ஆண்ட்ராய்டைக் கவனித்துக்கொண்டிருந்த ஹிரோஷி லாக்கைமரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். உண்மையாகவே சிக்கி நிற்கும் ஒரு ஆப்பை மட்டும் மூடலாம்.

பேட்டரியைக் காக்கும் ஆப் என்று தனியாக நிறுவுவது அதைவிட மோசம். அது மற்ற ஆப்களைக் கொல்லும், அவை திரும்ப எழும், இது திரும்பக் கொல்லும், நடுநடுவே விளம்பரம் வேறு காட்டும். போனிலேயே இருக்கும் பேட்டரி சேவர் போதும். புளூடூத்தைச் சும்மா திறந்து வைத்திருப்பதால் போவதும் அணுவளவுதான்.

பேட்டரியை மாற்றுவது என்று முடிவான பிறகு

பின்பக்க மூடி ஓரத்தில் லேசாகத் தூக்கியிருக்கிறதா, திரையின் நடுவே அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா, மேசையில் வைத்தால் பம்பரம் மாதிரி ஆடுகிறதா? அப்படியென்றால் பேட்டரி உப்பியிருக்கிறது, மேலே எழுதிய சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், நீங்களே திறக்கவும் வேண்டாம், அணைத்து, எளிதில் தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள்.

உப்பல் இல்லாத சாதாரண மாற்றம் என்றால் கேட்க வேண்டியது ஒன்று: போடப்போவது போன் நிறுவனத்தின் பேட்டரியா, இல்லையென்றால் எம்ஏஎச் எவ்வளவு எழுதியிருக்கிறது? பழையது 5000 இருந்த அதே அளவுப் பள்ளத்தில் 7000 என்று எழுதிய ஒன்றைக் காட்டினால் அந்த எண்ணை நம்ப வேண்டாம், அத்தனை இடம் உள்ளே கிடையாது.

புதுசு போட்டதும் சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள், அதைத்தான் பேட்டரி தாங்காது. சார்ஜ் ஏறும்போது தலையணைக்கு அடியில் வைப்பது, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போவது, இவை இரண்டும் எந்த ஆப்பையும்விட மோசம். 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால், மேசைக்குப் பக்கத்திலேயே நாளைக் கழிப்பவர் அதைப் போட்டுவிடலாம், வெளியே அலைபவர் 100 வரை ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். மாற்றிய அன்றைக்கு ராத்திரி மறக்காமல் அந்தத் துண்டுத் தாளை எடுத்து எண்ணை எழுதிவிட்டுப் படுங்கள். காலையில் திரும்பவும் 20 இறங்கியிருந்தால், பழைய பேட்டரியின் மேல் வீண் பழி போட்டிருக்கிறோம், பின்னணி நேரப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.